ஒரு தடவை எழுது, எல்லா இடத்துலயும் வரட்டும்: துணைநூற்பட்டியலுக்கு அக்காவின் டிப்ஸ்

லேடெக்ல ஆய்வேடு அடிக்கிற தங்கச்சியோ தம்பியோ, யாரா இருந்தாலும் இதை முதல் இயல் எழுதும்போதே படிச்சிடு. இயலெல்லாம் முடிஞ்சு நெறியாளர் கையெழுத்து வாங்கப் போற நேரத்துல உசுரை வாங்குறது துணைநூற்பட்டியல்தான். அதுலயும், ஒரே தொகுப்பு நூல்லேருந்து அஞ்சாறு கட்டுரையை மேற்கோள் காட்டியிருப்பே பாரு, அங்கேதான் சிக்கல் அதிகம்.

1966-ல கோலாலம்பூர்ல நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டையே எடுத்துக்கோ. அந்த மாநாட்டுக் கட்டுரைகள் தொகுதிகளா அச்சாகி வந்தது. தமிழியல் ஆய்வேட்டுல அதுலேருந்து நாலு கட்டுரையாவது இடம்பிடிச்சிடும். நாலையும் தனித்தனியா, வேற வேற நாள்ல தட்டச்சு பண்ணினா என்ன ஆகும்? ஒண்ணுல ஊர் கோலாலம்பூர், இன்னொண்ணுல மலேசியா. ஒண்ணுல மாநாடு நடந்த வருஷம், இன்னொண்ணுல நூல் அச்சான வருஷம். மாநாட்டுப் பேரும் ஒரு இடத்துல முழுசா, ஒரு இடத்துல பாதியா நிக்கும். தேர்வாளர் கண்ணு நேரா அங்கேதான் போகும். பட்டியல் ஒழுங்கா இல்லேன்னா உள்ளே இருக்கிற ஆய்வு மேலயும் சந்தேகம் வரும். அவர் சந்தேகப்படுறதைக் குறைன்னு சொல்ல முடியாது.

இதுக்குத்தான் கிராஸ்ரெஃப்னு ஒரு ஃபீல்டு இருக்கு. தொகுப்பு நூலுக்கு ஒரே ஒரு பதிவு எழுதணும், அது தாய்ப் பதிவு. தலைப்பு, பதிப்பாசிரியர், ஊர், வெளியீட்டாளர், வருஷம் எல்லாம் அதுல மட்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பிள்ளைப் பதிவு: ஆசிரியர், கட்டுரைத் தலைப்பு, பக்கம், கடைசியா கிராஸ்ரெஃப்னு போட்டுத் தாயோட கீ. நாலே வரி. மீதியைத் தாய்கிட்டேருந்து அது தானா வாங்கிக்கும். நாளைக்கு வருஷம் தப்புன்னு தெரிஞ்சா ஒரு இடத்துல திருத்தினாப் போதும்.

இது புதுசு இல்லே. ஓரன் பட்டாஷ்னிக் 1988-ல பிப்டெக்குக்கு எழுதின கையேட்டுலயே இருக்கு. கொசுவையும் காட்டு மாட்டையும் வெச்சு ஒரு கற்பனை மாநாடு, அதோட கட்டுரைத் தொகுப்புக்குப் பதிப்பாசிரியர்கள் ஜெரால்டு ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும்னு உதாரணம் காட்டியிருப்பார். அந்தச் சின்னக் கையேட்டைக் கட்டாயம் ஒரு தடவை படி, நல்ல எழுத்து.

முதல்ல, பட்டியலைத் தயாரிக்க நீ பயன்படுத்தப் போறது பழைய பிப்டெக்கா, இல்லே பிப்லேடெக்கும் பைபருமான்னு முடிவு பண்ணு. ஆய்வேடுன்னா நான் யோசிக்காம பைபர்னுதான் சொல்வேன். பிப்டெக்குக்குத் தமிழ் எழுத்து வரிசை தெரியாது. பைபர் யூனிகோடு விதிப்படி அடுக்கும். ஆனா ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புறதா இருந்தா அவங்க குடுக்குற டெம்ப்ளேட் எதுன்னு முன்கூட்டியே பாரு. நிறைய இதழ்கள் இன்னும் பிப்டெக்தான் கேட்கும்.

பிப்டெக்னா மூணு கட்டுப்பாடு. ஃபைல்ல தாய்ப் பதிவு எப்பவும் பிள்ளைகளுக்குக் கீழேதான் இருக்கணும். மேலே இருந்தா, கண்ணு முன்னாடி இருக்கிற பதிவையே இல்லைன்னு எச்சரிக்கை குடுக்கும். ஃபைலை அகர வரிசையில அடுக்குற மென்பொருள் வெச்சிருந்தா இந்த ஒழுங்கு சத்தமில்லாம கலைஞ்சிடும், அதனால அடுக்கினதும் ஒரு பார்வை பாரு. ரெண்டாவது, தாய்ப் பதிவுல டைட்டில் மட்டும் போதாது, அதே பேரை புக்டைட்டில்லயும் போடணும். ஏன்னா பிள்ளைக்கு டைட்டில் ஏற்கெனவே இருக்கு, அது கட்டுரையோட தலைப்பு. நூலோட பேரு அதுக்கு புக்டைட்டில் வழியாத்தான் போய்ச் சேரும். மூணாவது, தாய்க்கு மேல ஒரு பாட்டி வைக்க முடியாது. பைபர்ல இந்த மூணு தொல்லையும் கிடையாது. வரிசை எப்படி இருந்தாலும் சரி, தாயோட டைட்டிலை அதுவே பிள்ளையோட புக்டைட்டிலா மாத்திக்கும், பாட்டிகிட்டேருந்தும் வாங்கிக்கும்.

இப்போ எல்லாரும் திகைச்சு நிக்கிற இடத்துக்கு வருவோம். ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டினே, பட்டியல்ல ஒழுங்கா முழு விவரத்தோட வந்தது. அடுத்த வாரம் அதே தொகுப்புலேருந்து இன்னொண்ணைச் சேர்த்தே. திடீர்னு நீ மேற்கோளே காட்டாத தொகுப்பு நூல் தனியா பட்டியல்ல வந்து உட்கார்ந்திருக்கும். பிப்டெக்கோட வழக்கமான பிளெய்ன் பாணியில இன்னொண்ணும் நடக்கும்: முழுசா இருந்த கட்டுரைப் பதிவு சுருங்கி, நூல் விவரம் இருந்த இடத்துல பதிப்பாசிரியர் பேரும் அந்தத் தொகுப்போட எண்ணும் பக்கமும் மட்டும் நிக்கும். நீ எதையும் கெடுக்கலே. ரெண்டு பிள்ளைகள் மேற்கோள்ல வந்தாத் தாயையும் பட்டியல்ல சேர்க்கணும்கிறது அந்த மென்பொருளோட இயல்பான விதி. பக்கம் மிச்சப்படுத்த அது நல்ல ஏற்பாடுதான். ஆனா நம்ம பல்கலைக்கழக விதிமுறையில ஒவ்வொரு கட்டுரைக்கும் முழு விவரம் கேட்டிருந்தா உதவாது.

தீர்வு சுலபம். பிப்லேடெக்னா பேக்கேஜை அழைக்கிற வரியில மின்கிராஸ்ரெஃப்ஸ்ங்கிற விருப்பத்துக்கு 99 குடு. பிப்டெக்னா அதை ஓட்டுற கட்டளையிலயே மின்-கிராஸ்ரெஃப்ஸ் 99-னு சேர்த்துக் குடு. தொண்ணூத்தொன்பது பிள்ளைகள் வர்ற வரைக்கும் தாய் தானா பட்டியலுக்குள்ள வராது, கட்டுரைகளும் முழுசா நிக்கும். எந்த முறை வேணும்னு நெறியாளர்கிட்ட முதல் வாரமே கேட்டு வெச்சுக்கோ.

அடுத்தது, பிள்ளைக்குப் போகக்கூடாதது போறது. பிள்ளைகிட்ட இல்லாத ஃபீல்டு எதுவா இருந்தாலும் தாய்கிட்ட இருந்தா இறங்கிடும்னு நினைச்சுக்கிட்டு வேலை செய். நூலகத்துல தேடி எடுத்த அடுக்கு எண்ணை மறக்காம இருக்க தாய்ப் பதிவோட நோட் ஃபீல்டுல எழுதி வெச்சிருந்தேன்னா, அது ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் அச்சாகி நிக்கும். தாய்க்கு டிஓஐ போட்டிருந்தா எல்லாக் கட்டுரையும் அதே டிஓஐயைக் காட்டும். சொடுக்கினா கட்டுரைக்குப் போகாது, நூலோட பக்கத்துக்குத்தான் போகும். பைபர்ல டிக்ளேர்டேட்டாஇன்ஹெரிட்டன்ஸ் கட்டளையில நோஇன்ஹெரிட்னு சொல்லி டிஓஐயைத் தடுத்துடலாம். தொகுப்போட மொத்தப் பக்கத்தைத் தாய்ப் பதிவுல பேஜஸ்னு போடாதே. பக்கம் விட்டுப்போன பிள்ளை அதை வாங்கி, கட்டுரை ஐந்நூறு பக்கம்னு காட்டும். மொத்தப் பக்கத்துக்கு பிப்லேடெக்ல பேஜ்டோட்டல்னு தனி ஃபீல்டே இருக்கு.

வருஷக் குழப்பத்துக்கும் பிப்லேடெக்ல வழி உண்டு. மாநாடு நடந்த நாளை ஈவென்ட்டேட்லயும் ஊரை வென்யூலயும் போடு, நூல் அச்சான வருஷத்தை டேட்ல போடு. கோலாலம்பூர் மாநாட்டுக்கு 1966 ஈவென்ட்டேட்டுக்குப் போகும், அச்சான வருஷத்தை நூலோட தலைப்புப் பக்கத்தைப் பார்த்து டேட்ல போடு. ஒரே மாநாட்டுக்கு ரெண்டு, மூணு தொகுதி இருந்தா எம்விபுரொசீடிங்ஸ்னு மொத்தத்துக்கும் ஒரு பதிவு, அதுக்குக் கீழே தொகுதிக்கு ஒண்ணு, அதுக்கும் கீழே கட்டுரைகள். மேல இருக்கிற பொதுத் தலைப்பு மெயின்டைட்டிலா இறங்கும். பாட்டின்னு சொன்னது இதைத்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எக்ஸ்டேட்டா. திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம். இந்தப் பேரை இருபது நூலுக்கு இருபது தடவை அடிச்சுப் பாரு, ஒரு இடத்துல ஒற்று மிகும், ஒரு இடத்துல விட்டுப்போகும், ஒரு இடத்துல வெறும் கழகம்னு முடிஞ்சிடும். அந்த நூல்கள் ஒண்ணுக்கொண்ணு தாயும் இல்லே, பிள்ளையும் இல்லே, அதனால கிராஸ்ரெஃப் இங்கே பொருந்தாது. எக்ஸ்டேட்டா வகையில ஒரு பதிவு எழுதி, வெளியீட்டாளர் பேரை மட்டும் அதுல வை. நூல் பதிவுல எக்ஸ்டேட்டா ஃபீல்டுல அந்தக் கீயைக் குடு. அந்தப் பதிவு எந்தக் காலத்துலயும் பட்டியல்ல அச்சாகாது, விவரத்தைக் குடுக்கிறதோட சரி. பிப்டெக்ல இருக்கிறவங்க இதே வேலைக்கு ஸ்ட்ரிங் பயன்படுத்தலாம்.

எக்ஸ்ரெஃப்னும் ஒண்ணு இருக்கு. உறவு மட்டும் சொல்லும், விவரத்தை இறக்காது. மறுபதிப்புக்கு ரிலேட்டட் ஃபீல்டு: உ.வே.சா. 1894-ல வெளியிட்ட புறநானூறு முதல் பதிப்புக்கு ஒரு பதிவு, நீ கையில வெச்சிருக்கிற மறுபதிப்புக்கு ஒரு பதிவு, ரெண்டையும் ரீப்ரின்ட்ஆஃப்னு இணை. முதல் பதிப்பைப் பார்க்காம பார்த்த மாதிரி மேற்கோள் காட்டுற பழக்கம் இதனால ஒழியும். எனக்கு இது ரொம்ப முக்கியம்.

பேரு விஷயத்துல ஒரு எச்சரிக்கை. வையாபுரிப் பிள்ளைன்னு இடைவெளி விட்டு எழுதினா மென்பொருள் பிள்ளைங்கிறதை மட்டும் குடும்பப் பேரா எடுத்து ப வரிசையில அடுக்கிடும். பேர் முழுசையும் நெளிவு அடைப்புக்குள்ள போட்டு ஒண்ணாக் கட்டு.

ஏதாவது மாத்தினா லேடெக், பைபர், திரும்ப லேடெக் ரெண்டு தடவைன்னு ஓட்டணும். லேடெக்எம்கே வெச்சிருந்தா அதுவே பார்த்துக்கும், ஓவர்லீஃப்லயும் அப்படித்தான். அப்பவும் பழைய பட்டியலே வந்தா பிபிஎல் ஃபைலை அழிச்சிட்டு மறுபடி ஓட்டு. ஒவ்வொரு தடவையும் பிஎல்ஜி ஃபைலைத் திறந்து வார்னிங் இருக்கான்னு தேடு. கிராஸ்ரெஃப்ல குடுத்த கீ ஒரு எழுத்து மாறினாலும் அங்கேதான் முதல்ல தெரியும். பைபருக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் முக்கியம்.

இன்னைக்கு ராத்திரி உன் பிப் ஃபைலைத் திறந்து, புக்டைட்டில்னு தேடிப் பாரு. ஒரே நூல் பேரு ரெண்டு தடவைக்கு மேல வந்தா, உடனே அதுக்கு ஒரு தாய்ப் பதிவு எழுதிட்டுப் படு.