மண்டைக்குள் தேரை இருக்கிறதா?

சித்தர் தேரையரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. தீராத தலைவலியால் துடித்த ஒரு மன்னனின் கபாலத்தை அகத்தியர் திறந்து பார்க்கிறார். உள்ளே மூளையைப் பற்றிக்கொண்டு ஒரு தேரை. பிடித்து இழுத்தால் மூளை சிதைந்துவிடும். பக்கத்தில் நின்ற சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து சலசலக்க வைக்கிறான். சத்தம் கேட்ட தேரை தண்ணீருக்குள் குதிக்கிறது. மன்னனின் வலி தீர்கிறது. சீடனுக்குத் தேரையர் என்ற பெயர் நிலைக்கிறது.

இரண்டு வாரம் விடாமல் தலை வலித்தால் நாமும் அந்தத் தேரையைத்தான் தேடுகிறோம். கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பு என்று அதன் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. நள்ளிரவில் கைபேசியை எடுத்து ‘தொடர் தலைவலி’ என்று தேடியவர்களுக்கு அதன் பிறகு தூக்கம் வந்திருக்காது. தூக்கம் கெட்டதால் மறுநாள் வலி கூடியிருக்கும். வலி கூடியதால் பயமும் கூடியிருக்கும்.

உலக மக்களில் ஐந்தில் இருவருக்குத் தலைவலி நோய்களில் ஏதோ ஒன்று இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த ஆய்வு ஒன்றில், ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்துபோனவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். இவர்களில் மிகப் பெரும்பாலோரின் மண்டைக்குள் தேரை எதுவும் இல்லை. சிலருக்கு இருக்கவும் செய்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க விடாமல் தடுக்கும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை 1: விடாமல் தலை வலித்தால் மூளையில் கட்டி இருக்கும்.

உண்மை: மூளைக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையாது. அதனால்தான் மண்டைத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் அறுவை சிகிச்சை செய்ய முடிகிறது. தலைவலி என்று நாம் சொல்வது மூளையைச் சுற்றியுள்ள உறைகள், ரத்தக்குழாய்கள், முகத்துக்கு வரும் நரம்பு, கழுத்து மற்றும் தலைத் தசைகள் ஆகியவற்றிலிருந்து எழும் வலி.

பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை வைத்து 2007-இல் வெளியான ஆய்வின்படி, தலைவலி என்று வந்தவர்களில் மூளைக்கட்டி இருந்தவர்கள் 10,000 பேருக்கு சுமார் 9 பேர்தான். கட்டி வளரும்போது பெரும்பாலும் வேறு அறிகுறிகளையும் கூட்டிக்கொண்டு வரும். முதன்முறையாக வலிப்பு வரும், ஒரு கையிலோ காலிலோ பலம் குறையும், பேச்சு தடுமாறும், பார்வை மங்கும், சாதுவானவர் திடீரென்று சிடுசிடுப்பார். இருமினாலும் குனிந்தாலும் வலி ஏறுவதும், விடியற்காலையில் வலியோடும் வாந்தியோடும் எழுவதும் கவனிக்க வேண்டியவை. பத்து ஆண்டுகளாக மாதம் நான்கு முறை வந்து, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகும் அதே தலைவலி கட்டியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

நம்பிக்கை 2: உயிர்போகும் வலி என்றால் ஆபத்து, லேசாக வலித்தால் பயமில்லை.

உண்மை: வலியின் அளவை வைத்து ஆபத்தை எடைபோட முடியாது. ஒற்றைத் தலைவலி ஒருவரை இருட்டறையில் சுருண்டு படுக்க வைக்கும். ஆனால் உயிரை எடுக்காது. அறுபதைத் தாண்டிய ஒருவருக்குப் பொட்டில் புதிதாக ஒரு மந்தமான வலி வருகிறது. சீப்பு பட்டால் தலை வலிக்கிறது. சாப்பிடும்போது நாலு வாய் மென்றதும் தாடை கடுக்கிறது. கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் இது பொட்டில் ஓடும் தமனி வீங்கும் நோயாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் கண் பார்வையே போய்விடும். ரத்தப் பரிசோதனையில் துப்புக் கிடைக்கும். உடனே ஸ்டீராய்டு கொடுத்தால் பார்வையைக் காப்பாற்றலாம்.

அதேபோல, வாரக்கணக்கில் மாலையில் லேசான காய்ச்சல், பசியின்மை, மெலிவு, கூடவே தலைவலி என்றால் காசநோய் மூளை உறையைத் தாக்கியிருக்கிறதா என்று நம் நாட்டில் பார்த்தே ஆக வேண்டும்.

வலியின் அளவைவிட அது தொடங்கிய வேகம் முக்கியம். யாரோ பின்மண்டையில் ஓங்கி அடித்ததுபோல் ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். அதற்குத் தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. நேரம் போகப் போக அந்த ரத்தக்கசிவை ஸ்கேனில் கண்டுபிடிப்பதும் கடினமாகும்.

நம்பிக்கை 3: எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் நிம்மதி.

உண்மை: நிம்மதி கிடைக்கும், ஆனால் நீடிக்காது. தினமும் தலைவலி உள்ள 150 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. எம்.ஆர்.ஐ. எடுக்க வாய்ப்புக் கிடைத்தவர்களின் கவலை மூன்று மாதத்தில் குறைந்திருந்தது. ஓராண்டு முடிந்தபோது, வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்கும் இவர்களுக்கும் கவலையில் வித்தியாசம் இல்லை.

தேடாதது கிடைக்கும் என்பது இன்னொரு சிக்கல். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2,000 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களே அறியாத பழைய அடைப்புத் தழும்புகள் 7.2 சதவீதம் பேருக்கும், ரத்தக்குழாய்ப் புடைப்பு 1.8 சதவீதம் பேருக்கும், சாதுவான கட்டிகள் 1.6 சதவீதம் பேருக்கும் இருந்தன. தலைவலிக்குச் சம்பந்தமில்லாத இப்படி ஒன்று உங்கள் ரிப்போர்ட்டில் அச்சாகி வந்தால், புதிய கவலை ஒன்று வீட்டுக்குள் குடிவந்துவிடும்.

‘ஒண்ணுமில்லை’ என்ற சொல் செய்யும் வேலை தனி. ஸ்கேன் பார்த்த டாக்டர் ஒண்ணுமில்லை என்கிறார். வீட்டுக்கு வந்ததும், “அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்னம்மா படுத்தே கிடக்கிற?” என்று கேள்வி வருகிறது. டாக்டர் சொன்னது தேரை இல்லை என்பதைத்தான். வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஒற்றைத் தலைவலி எந்த ஸ்கேனிலும் தெரியாது. நோயாளி சொல்லும் விவரத்தைக் கேட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மருந்தும் இருக்கிறது. வராமல் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன.

டாக்டர் ஸ்கேன் வேண்டும் என்று சொன்னால் தயங்காமல் எடுங்கள். வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை 4: தலைக்குக் குளித்ததில் நீர் கோத்துக்கொண்டது, இல்லையென்றால் சைனஸ்.

உண்மை: மண்டைத் தோலையும் ஓட்டையும் துளைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே போகாது. குளிர்ந்த நீரும், ஈரத்தலையோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்வதும், ஷாம்பு வாசனையும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சிலருக்கு வலியைக் கிளப்பிவிடலாம். அதைத்தான் நீர் கோத்தது என்கிறோம். சுக்குப் பத்தும் நொச்சி ஆவியும் இதமாக இருக்கும். அந்த இதத்துக்கு நான் எதிரி அல்லன். ஆனால் ‘கோத்த நீர்’ அதனால் இறங்குவதில்லை.

சைனஸ் கதையும் இப்படித்தான். அமெரிக்காவில் தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய சுமார் 3,000 பேரைப் பரிசோதித்தபோது, 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. அந்த வலியின்போதும் மூக்கு ஒழுகும், கண் கலங்கும் என்பதால் வந்த குழப்பம் இது. காய்ச்சலும், கெட்டியான மஞ்சள் சளியும் இல்லாமல் மாதாமாதம் வரும் ‘சைனஸ்’ மீது கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

பித்தமும் அப்படியே. மஞ்சளாக வாந்தி எடுத்ததும் வலி விட்டதே, பித்தம்தானே காரணம் என்பார்கள். ஒற்றைத் தலைவலியில் இரைப்பையின் இயக்கம் மந்தமாகும், குமட்டும். வெறும் வயிற்றோடு வாந்தி எடுத்தால் பித்தநீர்தான் வரும். வாந்தி வலியோடு சேர்ந்து வருவது; வலியை உண்டாக்குவது அதுவல்ல.

நம்பிக்கை 5: பி.பி. ஏறினால் தலைவலி காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மை: இந்தப் பட்டியலில் ஆளையே சாய்க்கக்கூடிய நம்பிக்கை இதுதான். ரத்த அழுத்தம் 180/120 என்ற அளவைத் தாண்டி எகிறும்போது தலைவலி வரலாம். 150, 160 என்று ஆண்டுக்கணக்கில் உயர்ந்திருக்கும் அழுத்தம் பெரும்பாலும் எதையும் காட்டிக்கொள்ளாது. நார்வேயில் 22,000-க்கும் அதிகமானவர்களை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களுக்குத் தலைவலி குறைவாகவே வந்திருந்தது. “தலை வலிக்கல, அதனால மாத்திரையை நிறுத்திட்டேன்” என்று சொல்பவர் பக்கவாதத்துக்கு வழி திறந்து வைக்கிறார். பி.பி.யை அறிய அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நம்பிக்கை 6: தலைவலி மாத்திரைதானே, தினமும் போட்டால் என்ன?

உண்மை: தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை இதுதான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களுக்கு மேலும், காஃபின் போன்றவை சேர்ந்த கூட்டு மாத்திரையை 10 நாட்களுக்கு மேலும், மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். காலையில் வலியோடு எழுந்து, ஒரு மாத்திரை போட்டு, மாலையில் மறுபடி வலித்து, இன்னொன்று போடுகிறவர் ‘இத்தனை மாத்திரைக்கும் அடங்கவில்லையே, உள்ளே பெரிதாக ஏதோ இருக்கிறது’ என்று பயப்படுகிறார். அவர் தேடும் தேரை சட்டைப்பையில் உள்ள அட்டையில் இருக்கிறது. நிறுத்தினால் முதல் சில நாட்கள் வலி கூடும். பிறகு படிப்படியாகக் குறையும். இதை மருத்துவர் துணையோடு செய்வது நல்லது. வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வலி மாத்திரை தேவைப்பட்டால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

காபிக்கும் இதில் பங்குண்டு. தினமும் மூன்று டம்ளர் குடிப்பவர் விரத நாளில் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை வலிக்கத் தொடங்கும். பட்டினி மீது பழி விழும். நின்றுபோன காபிதான் காரணமாக இருக்கும்.

நம்பிக்கை 7: பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலி சகஜம்.

உண்மை: தூக்கமின்மையால் வரும் தலைவலி சகஜம்தான். முதுகில் ஊசி போட்டு அறுவை செய்தவர்களுக்கு, உட்கார்ந்தால் ஏறி, படுத்தால் இறங்கும் ஒரு வலி சில நாட்கள் இருப்பதும் உண்டு. ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும். மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் சிரைகளில் அது உறைந்துவிட்டால் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, கைகால் பலவீனம் என்று போகும். மதராஸ் நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் 1983-இல் வெளியிட்ட, கர்ப்பிணிகளும் பிரசவித்தவர்களுமான 135 பேரைப் பற்றிய ஆய்வு இந்த நோயைப் பற்றிய முக்கியப் பதிவுகளில் ஒன்று.

“பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்காதே” என்ற வழக்கம் இங்கே ஆபத்தாகிறது. உடலில் நீர் வற்றினால் ரத்தம் உறைவது எளிதாகும். பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். அவளுக்குத் தலைவலி நாளுக்கு நாள் கூடினால், குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்?

ஒரு நிமிடத்தில் உச்சத்துக்குப் போன வலி. காய்ச்சலோடு கழுத்தை வளைக்க முடியாத வலி. பேச்சு, பார்வை, நடை, நினைவு ஆகியவற்றில் மாற்றத்தோடு வரும் வலி. வலிப்புக்குப் பின் வரும் வலி. தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி. கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியோடு வரும் வலி. இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

ஐம்பது வயதுக்குப் பிறகு முதன்முதலாகத் தொடங்கிய தலைவலி, புற்றுநோய் உள்ளவர்களுக்கோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கோ புதிதாக வந்த தலைவலி, பழகிய தலைவலி தன் குணத்தை மாற்றிக்கொண்டது ஆகியவற்றுக்கு ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சமையலறைச் சுவரில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் தொங்கும் அல்லவா? தலை வலித்த நாளில் அதில் ஒரு வட்டம் போடுங்கள். மாத்திரை போட்டிருந்தால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. மாதவிடாய், தூங்காத இரவு, சாப்பிடாத மதியம் என்றால் அதையும் ஒரு சொல்லில் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். உங்களுக்கு ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய அவருக்கு அந்த மூன்று தாள்கள் பெரிதும் உதவும்.