கண்ணீரோடு காத்திருந்த தாய்



நேற்றுவரை உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு பூசைக்கு வந்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ கால் வைத்ததும் மாறிப்போகிறான். எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில். செபமாலை நேரத்தில் தலைவலி. மதிப்பெண் அட்டையில் தகப்பன் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வருகிறது. கைப்பேசியை வாங்கி வைத்தால் வீட்டில் சண்டை. மகளோ கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள், காரணம் சொல்வதில்லை. "சுவாமி, நாங்கள் எங்கே தவறினோம்?" என்று கலங்கிக் கேட்கிறீர்கள்.

இதே கலக்கத்தை 1,600 வருஷங்களுக்கு முன்னமே அனுபவித்த தாய் ஒருத்தி உண்டு. அவள்தான் அர்ச். மோனிக்கம்மாள். வட ஆபிரிக்காவில், இன்று அல்ஜீரியா எனப்படும் தேசத்தில், தகாஸ்தே என்னும் ஊரில் அவள் குடும்பம் வாழ்ந்தது. அவள் மகன் அகுஸ்தீன் 354-ம் ஆண்டு பிறந்தவன், கூர்மையான புத்தியுள்ளவன். பதினாறு வயதில் பணமுடையால் படிப்பு நின்று, ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தான். அப்போதுதான் துஷ்ட சிநேகிதம் பிடித்தது. இரவில் அயலாரின் பேரி மரத்தை உலுக்கி, பழங்களைத் திருடிப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். பசிக்காக அல்ல, திருடும் சந்தோஷத்துக்காக! பின்பு கார்த்தேஜ் நகரத்தில் படிக்கப் போனவன், கெட்ட நடத்தையிலும் மனிக்கேய பதிதத்திலும் விழுந்தான்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது: படிப்பைத் தெய்வமாக்கக் கூடாது. மகன் பெரிய பேச்சாளனாக வேண்டும் என்பதே தகப்பனின் ஆசை. அவனுடைய ஆத்துமத்துக்காகப் பயந்த தாயும்கூட, கலியாணம் படிப்பைக் கெடுக்கும் என்று அதைத் தள்ளி வைத்தாள். அர்ச்சியசிஷ்டவளும் இதில் தவறினாள் என்றால் நாம் எம்மாத்திரம்? பரீட்சையில் எத்தனை மதிப்பெண் என்று தினமும் கேட்கும் நாம், "உன் மனதில் என்ன பாரம்?" என்று எப்போது கேட்டோம்?

இரண்டாவது: சர்வேசுரன் "இல்லை" என்று சொல்வதும் அன்பினாலேயே. 383-ம் ஆண்டு அகுஸ்தீன் ரோமைக்குப் போகத் துணிந்தான். தாய் விடவில்லை. சிநேகிதனை வழியனுப்ப வந்ததாகப் பொய் சொல்லி, அவள் அர்ச். சிப்பிரியானுடைய கோவிலில் இரவெல்லாம் மன்றாடிக்கொண்டிருக்கையில் கப்பலேறிவிட்டான். அவன் போகக் கூடாதென்று கேட்டாள், அது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பிரயாணமே அவனை ரோமையிலிருந்து மிலான் நகரத்துக்கும், மேற்றிராணியாரான அர்ச். அம்புரோசியாரிடத்திற்கும் கொண்டு சேர்த்தது. 387-ம் ஆண்டு பாஸ்குத் திருநாளில் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றான். அன்று கேட்டதைக் கொடாத ஆண்டவர், அவள் ஆயுள் முழுதும் கேட்டதைக் கொடுத்தார்.

மூன்றாவது: நம்பிக்கை என்பது சோம்பல் அல்ல. மோனிக்கம்மாள் கடல் கடந்து மகன் பின்னே போனாள். அறிவுள்ள குருமாரிடம் ஆலோசனை கேட்டாள். ஆகையால் பெற்றோர்களே, கையெழுத்துப் பொய்யைக் கண்டியுங்கள். கைப்பேசிக்கு நேரம் குறியுங்கள். ஆசிரியரைப் போய்க் காணுங்கள். பிள்ளை பல நாளாய்ச் சாப்பாடும் தூக்கமுமின்றி வாடினால் வைத்தியரிடம் அழைத்துப் போகக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் அயலார் முன்னிலையில் அவமானப்படுத்த வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். கோபத்தில் வரம்பு மீறிப் பேசிவிட்டால், தகப்பனானாலும் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கட்டும். அதனால் தகப்பனுடைய மரியாதை குறையாது.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். பதினேழு வருஷங்கள் காத்திருந்தாள் அந்தத் தாய். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குள் பிள்ளை திருந்த வேண்டும் என்று நாம் ஆண்டவருக்குத் தவணை குறிக்கலாமோ? பிள்ளை நம்முடைய சொத்தல்ல. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஆத்துமம். நம்மைவிட அதிகமாய் அவனை நேசிப்பவர் ஒருவர் இருக்கிறார்.

இவ்வாரப் பிரதிக்கினை: இன்றிரவு பிள்ளை தூங்கிய பின், தாயும் தகப்பனும் அவன் படுக்கையருகில் நின்று, நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். காலையில் மதிப்பெண் பேச்சை எடுக்குமுன், ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.