பாதி வழியில் திரும்பிய இந்திரன்



சென்ற செமஸ்டரில் என் இறுதியாண்டு ஆய்வறிக்கையின் முதல் வரைவு திரும்பி வந்தது. 42 பக்கம். அதில் பதினோரு இடத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: "ஏன்?" வேறு விளக்கம் இல்லை. எது தப்பு, எப்படித் திருத்துவது, ஒன்றும் கிடையாது. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சீனியர்கள் முதலிலேயே சொன்னார்கள்: "அவர்கிட்டயா மாட்டுன? போச்சுடா." பக்கத்து அறை நண்பனுக்கு அவனுடைய பேராசிரியர் இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்குக் கடுப்பாக இருந்தது. அம்மாவிடம் போனில் புலம்பினேன். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயி ஒரு விளக்கு போடுப்பா, எல்லாம் சரியாயிடும்" என்றார். போட்டேன். பதினோரு "ஏன்" அப்படியே இருந்தது. ஆனால் கோயிலுக்குப் போனதால் அன்று நம் மன்ற வகுப்பில் உட்கார நேர்ந்தது. அங்கே கேட்ட கதையைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

கதை சாந்தோக்ய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் வருகிறது. ஆன்மாவை அறிந்தவன் எல்லா உலகங்களையும் அடைகிறான் என்று பிரஜாபதி சொன்னது தேவர்கள் காதிலும் விழுகிறது, அசுரர்கள் காதிலும் விழுகிறது. தேவர்கள் சார்பில் இந்திரனும் அசுரர்கள் சார்பில் விரோசனனும் கிளம்புகிறார்கள். இரண்டு பேரும் ராஜாக்கள். ஆனாலும் மாணவனுக்குரிய முறைப்படி கையில் வேள்விச் சுள்ளியோடுதான் போய் நிற்கிறார்கள். 32 ஆண்டுகள் பிரம்மசரியம் இருந்த பிறகுதான் பிரஜாபதி "என்ன வேண்டி வந்தீர்கள்?" என்றே கேட்கிறார். (நான் பேராசிரியரின் அறை வாசலில் 40 நிமிடம் காத்திருந்ததற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன்.)

முதல் பாடத்தில், தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் உங்களைப் பாருங்கள் என்கிறார். பார்க்கிறார்கள், தங்கள் உருவம் தெரிகிறது. நல்ல ஆடையும் நகையும் அணிந்துகொண்டு மறுபடி பாருங்கள் என்கிறார். அலங்கரித்த உருவம் தெரிகிறது. இதுதான் ஆன்மா என்கிறார். இருவரும் மன நிறைவோடு கிளம்பிவிடுகிறார்கள்.

விரோசனன் நேராக ஊருக்குப் போய், உடம்புதான் எல்லாம், அதைப் பேணினால் போதும் என்று அசுரர்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுகிறான். இந்திரன் தேவர்களிடம் போய்ச் சேரவில்லை. போகிற வழியிலேயே அவனுக்கு உறுத்துகிறது. உடம்பு அலங்காரமாக இருந்தால் நிழலும் அலங்காரமாக இருக்கிறது, சரி. உடம்பு குருடானால் அதுவும் குருடாகுமே? உடம்பு அழிந்தால் அதுவும் அழியுமே? இதில் எனக்கு என்ன நன்மை? மறுபடியும் கையில் சுள்ளியோடு வந்து நிற்கிறான்.

பிரஜாபதி திட்டவில்லை. "விரோசனனோடு நிறைவாகப் போனாயே, ஏன் திரும்பினாய்?" என்று கேட்கிறார். இந்திரன் தன் சந்தேகத்தைச் சொல்கிறான். நீ சொல்வது சரிதான், இன்னும் 32 ஆண்டு இரு என்கிறார். அடுத்த பாடம் கனவில் உலவுகிறவன். அதையும் கேட்டுப் போய், கனவிலும் பயமும் அழுகையும் உண்டே என்று திரும்புகிறான். இன்னொரு 32. அடுத்தது ஆழ்ந்த தூக்கம். அதில் தன்னைப் பற்றிய அறிவே இல்லையே என்று மறுபடி வருகிறான். இந்தத் தடவை 5 ஆண்டு. மொத்தம் 101 ஆண்டுகள். அதன் பிறகுதான் கடைசி உபதேசம்.

வகுப்பு நடத்திய அண்ணன் எங்களிடம் ஒரு கேள்வி போட்டார்: "பிரஜாபதி ஏன் முதல் நாளே சரியான பதிலைச் சொல்லல?" ஆளுக்கொரு பதில் சொன்னோம். சோதிக்கிறார், பக்குவம் வரணும், இப்படி. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்திரனுடைய பதிலில் ஓட்டை இருக்கிறது என்று பிரஜாபதி ஒரு தடவைகூட சொல்லவில்லை. மூன்று தடவையும் ஓட்டையைக் கண்டுபிடித்தவன் இந்திரனேதான்.

இப்போது என் ஆய்வு என்ன என்று சொல்லியாக வேண்டும். செம்பனை ஆலைகளில் பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரிக்கிறார்கள். அதில் மிஞ்சும் சாம்பலைக் கான்கிரீட்டில் சிமெண்டுக்குப் பதிலாக ஒரு பங்கு சேர்க்கலாம். சாம்பலில் சிலிக்கா அதிகம். சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது உண்டாகும் சுண்ணாம்போடு அது மெதுவாக வினை புரிந்து, கான்கிரீட்டைப் பிடித்து வைக்கும் அதே பசையை இன்னும் கொஞ்சம் உண்டாக்கும். நானும் என் லேப் பார்ட்னரும் 10, 20, 30 விழுக்காடு சாம்பல் சேர்த்து 100 மில்லிமீட்டர் கியூப்கள் வார்த்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் மெஷினில் நொறுக்கிப் பார்த்தோம். சாம்பல் கூடக் கூட வலிமை குறைந்தது. "ஆகவே 10 விழுக்காட்டுக்கு மேல் சாம்பல் உகந்ததல்ல" என்று முடிவுரை எழுதிவிட்டு, நிறைவாக ஊருக்குக் கிளம்பிவிட்டேன். விரோசனன் மாதிரி.

வகுப்பு முடிந்து எல்ஆர்டியில் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது பேராசிரியரின் கடைசி வரி திரும்பத் திரும்ப வந்தது. வலிமை குறைந்ததற்குச் சாம்பல்தான் காரணம் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாதி வழியில், சத்தியமாகச் சொல்கிறேன், வயிற்றில் ஏதோ கரைந்தது. தண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது.

அரைக்காத செம்பனைச் சாம்பலில் நுண்துளைகள் அதிகம், தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 30 விழுக்காட்டுக் கலவை கெட்டியாகி அச்சில் இறங்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினோம். லேப் நோட்டின் ஓரத்தில் பார்ட்னர் பென்சிலில் "+400 மிலி" என்று குறித்தும் வைத்திருந்தார். சின்னக் கலவைக்கு 400 மில்லி சின்ன விஷயம் இல்லை. அறிக்கையில் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்று எழுதியிருந்தோம், உண்மையில் அது 0.6-ஐ நெருங்கியிருந்தது. தண்ணீர் கூடினால் கான்கிரீட் பலவீனமாகும் என்பதை டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே எழுதிவைத்துவிட்டார். முதலாண்டுப் பையனுக்கே தெரியும். அப்படியானால் வலிமையைக் குறைத்தது சாம்பலா, நாங்கள் ஊற்றிய தண்ணீரா? தெரியாது. பதினோரு "ஏன்"-இல் ஆறு இந்த ஒரே இடத்தைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருந்தது. பேராசிரியருக்கு இந்த 400 மில்லி தெரியாது. சொல்லாமல் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன், மறைக்க விரும்பவில்லை. "சொன்னா முழுசா மறுபடி செய்யச் சொல்வாரு" என்று பார்ட்னர் பயந்தார். எனக்கும் அதே பயம்தான்.

கீதையின் நான்காம் அத்தியாயம் 34-ஆம் சுலோகத்தில், அறிந்தவர்களிடம் ஞானம் பெற மூன்று வழிகளைக் கண்ணன் சொல்கிறான்: வணங்குதல், கேள்வி கேட்டல், தொண்டு செய்தல். நம் வீடுகளில் முதலாவதையும் மூன்றாவதையும் நன்றாகப் பழக்கிவிட்டார்கள். நடுவில் இருப்பதைப் பல நேரம் விட்டுவிட்டோம். ஆசிரியரிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தே வளர்ந்தவன் நான். ஆனால் அங்கே வரும் சொல் பரிபிரச்னம், சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் கேட்பது. வணக்கத்தையும் தொண்டையும் சொன்ன அதே மூச்சில் கேள்வியையும் சொல்லியிருக்கிறது.

அதனால் நான் செய்தது இதுதான். "ஏன்" ஒவ்வொன்றையும் நோட்டில் என் சொந்த வார்த்தையில் முழுக் கேள்வியாக எழுதினேன். பதில் தெரிந்ததற்குப் பதில், தெரியாததற்கு "தெரியவில்லை, இப்படிச் செய்தால் தெரியலாம்" என்று ஒரு வரி. ஒன்றுக்கு மட்டும் என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை, அதையும் அப்படியே எழுதினேன். திங்கட்கிழமை அந்த ஒரு தாளோடும் லேப் நோட்டோடும் போனேன். சுள்ளிக்குப் பதில் அதுதான் கையில் இருந்தது.

பேராசிரியர் பென்சில் குறிப்பை ரொம்ப நேரம் பார்த்தார். "இதை ஏன் அறிக்கையில் எழுதவில்லை?"

"அப்போது முக்கியம் என்று தோன்றவில்லை, டாக்டர்."

"இப்போது?"

"இதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது."

அவர் சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. "எத்தனை வாரம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பிறகு அந்த அறையில் 20 நிமிடம் வேலை நடந்தது. 20 விழுக்காட்டுக் கலவையை மட்டும் மறுபடி வார்ப்பது. சாம்பலை அரைத்துச் சலித்துக்கொள்வது. தண்ணீரை மாற்றாமல், இளக்கத்துக்குச் சூப்பர்பிளாஸ்டிசைசர் சேர்ப்பது. 28 நாள் காத்திருக்க முடியாததால் 7-ஆம் நாள் முடிவை மட்டும் அறிக்கையில் வைத்து, பழைய தொடரில் தண்ணீர் மாறியதை வெளிப்படையாக எழுதி, பழைய முடிவுரையை எடுத்துவிடுவது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பேராசிரியரையும் பிரஜாபதி ஆக்கிவிடாதீர்கள். உங்கள் வேலையைக் கேள்வி கேட்பவர் வேறு, உங்கள் இனத்தையோ குடும்பத்தையோ இழுத்துப் பேசுகிறவர் வேறு. இரண்டாவது நடந்தால் அதைத் தவம் என்று நினைத்துப் பொறுக்க வேண்டாம். தேதியோடு எழுதிவைத்துத் துறைத் தலைவரிடமோ மாணவர் ஆலோசகரிடமோ போங்கள். என் பேராசிரியர் கடுமையானவர், ஆனால் அவருடைய சிவப்பு மை ஒரு தடவைகூட தாளைத் தாண்டி என் மேல் பட்டதில்லை. கோபத்தில் இருந்த முதல் வாரம் எனக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாம் வரைவிலும் நான்கு "ஏன்" வந்தது. ஒரே கலவையின் மூன்று கியூப்களுக்குள்ளேயே இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கும்போது, இரண்டு கலவைகளுக்கு நடுவே உள்ள சின்ன வித்தியாசத்தை எப்படி நம்புகிறீர்கள் என்பது அதில் ஒன்று. அதற்கு இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்தோம். மூன்றாவதைத்தான் சமர்ப்பித்தோம். பி பிளஸ் கிடைத்தது. பக்கத்து அறை நண்பனுக்கு ஏ.

இரண்டாம் முறை வார்த்தபோது ஒன்பது கியூப் வார்த்தோம். மூன்றை 7-ஆம் நாள் நொறுக்கினோம். சமர்ப்பித்த அடுத்த வாரம், 28-ஆம் நாள், இன்னும் மூன்றை. சாம்பல் சேர்க்காத கலவைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்திருந்தது. மீதி மூன்றும் லேப் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கின்றன. சாம்பலின் வினை மெதுவானது, 90-ஆம் நாள் பார்க்க வேண்டும். மதிப்பெண் வந்து முடிந்த விஷயம்தானே, இன்னும் ஏன்டா அலையுற என்று பார்ட்னர் கேட்கிறார். அடுத்த மாதம் 14-ஆம் தேதி மெஷினைப் பதிவு செய்துவிட்டேன்.