சிங்கப்பூரில் குடித்தனம்: கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

வெளிநாட்டு வேலை கிடைத்ததும் வீட்டில் போடும் கணக்கெல்லாம் கணவரின் சம்பளத்தைச் சுற்றியே இருக்கும். புது ஊரில் பகல் முழுக்கக் கைக்குழந்தையோடு தனியாக இருக்கப்போவது மனைவி. அவர் அங்கே காலூன்றவில்லை என்றால் ஆறே மாதத்தில் ஊர் திரும்ப நேரிடும். அதனால் ஒவ்வொரு வேலையையும் அவரை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

முதலில் பாஸ். ஒர்க் பெர்மிட்டில் போகிறவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் இருந்து, நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருந்தால்தான் மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் டிபென்டன்ட்ஸ் பாஸ் கேட்கலாம். விண்ணப்பம் போடுவது நிறுவனம். "போன பிறகு மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது காகிதங்கள். நம் பகுதிக்காரர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

திருத்தணி மலையில் தாலி கட்டியவர்கள் கோயில் ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அது போதாது, பாஸுக்குத் திருமணப் பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும்; கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. அதுவும் கடந்துவிட்டால், இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதிய என்ன வழி என்று சார்பதிவாளரிடம் நேரில் கேளுங்கள்.

பிள்ளையின் பிறப்புச் சான்றில் இன்னொரு சிக்கல். 1960 ஏப்ரலில் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் எல்லை தாண்டித்தான் நடக்கிறது. தலைப்பிரசவத்துக்கு நகரியிலோ புத்தூரிலோ உள்ள தாய்வீட்டுக்குப் போய் அங்கே பிள்ளை பிறந்தால், சான்று தருவது ஆந்திர அலுவலகம். பிழை இருந்தால் அங்கேதான் திருத்த வேண்டும். திருவள்ளூரில் அலைந்து பயனில்லை. ஆந்திரச் சான்றில் பெயருக்கு முன்னால் இண்டிப்பேர், அதாவது தெலுங்குக் குடும்பப் பெயர், ஏறியிருக்கும், நம் பக்கத்துச் சான்றில் அப்பாவின் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டிலோ இனிஷியல் முழுப் பெயராக விரிந்திருக்கும். ஒரே ஆள் காகிதத்தில் மூன்று பேராகத் தெரிவார். மூன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைக்குப் பெயர் சூட்டும் முன்பே சான்று வாங்கியிருந்தால் பெயரைச் சேர்க்க வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்று மட்டுமே செல்லும். குழந்தைப் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லுபடியாகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடுப்பூசி அட்டை. வெளிநாட்டில் பிறந்த, 12 வயதைத் தாண்டாத குழந்தைகளுக்குத் தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசிகள் போட்டதைச் சரிபார்த்த பிறகே 2019 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூர் பாஸ் தருகிறது. ஆரம்ப சுகாதார நிலைய அட்டையில் பல நேரம் பிள்ளையின் பெயருக்குப் பதில் தாயின் பெயர்தான் இருக்கும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு ஊசியின் தேதி எல்லாம் ஆங்கிலத்தில் வரும்படி மருத்துவரிடம் புதிதாக எழுதி முத்திரை வாங்குங்கள். ஒன்றரை வயதில் போடும் இரண்டாவது எம்ஆர் (தட்டம்மை–ரூபெல்லா) ஊசி விடுபடக்கூடாது.

கிளம்பும்போது மூவரும் சேர்ந்தே விமானம் ஏற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கணவர் முன்னால் போய் வீடு பார்க்கட்டும். எச்டிபி எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டுக்குக் குறைந்தபட்ச வாடகைக் காலம் ஆறு மாதம். படத்தை மட்டும் பார்த்து ஊரிலிருந்தே முன்பணம் அனுப்பாதீர்கள். அறை மட்டும் எடுப்பதாக இருந்தால் "சமைக்கலாமா?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள், சமையலே கூடாது என்னும் வீட்டுக்காரர்கள் அங்கே உண்டு. பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச முடியாத வீட்டில் எந்தத் தாயும் நிம்மதியாக இருக்கமாட்டார். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்றால், வேலை போனால் நடுவில் காலி செய்ய இடம்தரும் விதி அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பெட்டியில் மிக்ஸி போகலாம். அங்கும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் வேறு. கசகசா கூடாது, அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியிலும் அது சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, புளியைச் சுமக்கவே வேண்டாம். தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் எல்லாம் கிடைக்கும். கிளம்பும் முன் இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றும்படி வங்கியில் எழுதிக்கொடுங்கள்.

மனைவி போய்ச் சேர்ந்த முதல் வாரமே அவர் பெயரில் தனி சிம், தனி பேருந்து–ரயில் அட்டை வாங்கிக்கொடுங்கள். மருந்துக்கடை, பாலிகிளினிக், பூங்கா ஆகிய இடங்களுக்குக் கணவர் ஒருமுறை கூடப் போய்க் காட்டிவிட்டு, மறுமுறை அவரைத் தனியாகப் போகவிட வேண்டும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. முருகனைத் தேடுகிறவர்களுக்கு 1859-இல் எழுந்த டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. பேச்சுத்துணை அமைவது இப்படிப்பட்ட இடங்களில்தான். படித்த பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டே கிளம்பவேண்டும்: 2021 மே மாதத்திலிருந்து, டிபென்டன்ட்ஸ் பாஸில் இருப்பவர் வேலைக்குப் போகப் பொதுவாகத் தமக்கென்று தனி வேலை பாஸ் பெற்றாக வேண்டும்.

பள்ளியைப் பற்றியும் முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஏழு வயதாகும் ஆண்டின் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று ஆரம்பம். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சேர்க்கையின் கடைசிச் சுற்றில்தான் வாய்ப்பு. அரசுப் பள்ளியில் இடம் உறுதியில்லை. வீட்டில் தெலுங்கு பேசும் நம் குடும்பங்கள் கவனிக்க: அங்கே தாய்மொழிப் பாடமாகத் தமிழ் உண்டு, இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது ஆகியவையும் உண்டு, தெலுங்கு இல்லை. தமிழை எடுப்பதாக முடிவு செய்தால் மூன்று வயதிலேயே தமிழில் கதை சொல்லத் தொடங்குங்கள்.

கடைசியாக, வாசல் கதவின் உட்பக்கம் ஒரு தாளை ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் 995, போலீஸ் 999, உங்கள் பிளாக் எண், வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. அவசரத்தில் கூப்பிட்டால் முதலில் கேட்பது முகவரியைத்தான். அதை மனைவி மனப்பாடமாகச் சொல்லும்வரை கணவர் வெளியூர் வேலைக்குப் போகவேண்டாம்.