அவையறிதலும் அவையஞ்சாமையும்
(பெற்றோருக்கும் மாணவர்களுக்கும்)



பாடசாலையில் பெற்றோர் சந்திப்புக்குப் போனால் நாம் அடிக்கடி கேட்பது இது: பிள்ளை மிக நல்ல பிள்ளை, ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை. முதற் பாதியைக் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்புகின்றோம். இரண்டாம் பாதிதான் ஆசிரியரின் கவலை என்பது நமக்கு விளங்குவதில்லை.

நம்மிற் பலர் ஊரில் படித்தபோது ஆசிரியர் முன் மௌனமே மரியாதை. இங்கு அப்படியல்ல. கோப்பன்ஹேகன் பாடசாலைகளில் 1951இலும், நாடு முழுவதும் 1967இலும் மாணவரை அடிப்பது நிறுத்தப்பட்டது. இன்று ஆசிரியரைப் பெயர் சொல்லி, 'டு' என்றே பிள்ளைகள் அழைக்கின்றார்கள். இது மரியாதைக் குறைவன்று. மரியாதைக்கு இங்கு வேறு அடையாளங்கள் உண்டு: கையுயர்த்திக் காத்திருத்தல், மற்றவர் பேசும்போது குறுக்கிடாமை, பிழையான விடைக்குச் சிரிக்காமை, குழுவேலையில் தன் பங்கைச் செய்தல், நேரத்துக்கு வருதல்.

இது நமக்குப் புதிதுமன்று. திருக்குறளில் 72ஆம் அதிகாரம் அவையறிதல், அடுத்தது அவையஞ்சாமை. சபையறிந்து பேசவும் வேண்டும்; சபைக்கு அஞ்சாமற் பேசவும் வேண்டும். நாம் பிள்ளைகளுக்கு முதலாவதை மட்டும் சொல்லிக்கொடுத்து, இரண்டாவதை விட்டுவிடுகின்றோம்.

மௌனத்தின் விலை

எனது மகன் ஏழாம் வகுப்பில் படித்தபோது, மதிய உணவைத் தொடாமலே திருப்பிக் கொண்டுவந்தான். சாப்பாட்டை வீணாக்குகிறாய் என்று ஏசினேன். கறி மணக்கிறது என்று சிலர் மூக்கைப் பொத்திச் சிரித்தது மூன்று மாதங்களின் பின்பே தெரியவந்தது. "ஏனடா சொல்லவில்லை?" என்றேன். "பொறுத்துப் போ எண்டுதானே அப்பா நீங்கள் சொல்லுவீங்கள்" என்றான். அந்தப் பதில் இன்றும் என் நெஞ்சிற் கிடக்கின்றது.

மறுநாள் வகுப்பாசிரியருடன் கதைத்தேன். அவர் வகுப்பில் எல்லோரையும் இருத்திப் பேசினார். சிரித்தவர்களிற் சிலருக்கு, அது அவனை எவ்வளவு நோகச் செய்தது என்பதே தெரிந்திருக்கவில்லை.

தெரிந்திருக்க வேண்டியவை

1. 2017ஆம் ஆண்டு முதல், மொப்னிங் எனப்படும் பகிடிவதைக்கு எதிரான திட்டம் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கவேண்டும் என்பது சட்டம். முறைப்பாட்டை முதலில் பாடசாலை அதிபரிடமும், தீராவிடில் கொம்யூனிடமும் கொண்டுசெல்லலாம். அதற்கு மேல் தேசிய முறைப்பாட்டுச் சபையும் உண்டு.
2. பெற்றோர் சந்திப்பில் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம். தன் துன்பத்தைத் தானே மொழிபெயர்க்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முன்கூட்டியே கேளுங்கள்.
3. வீட்டில் சொல்ல முடியாததைப் பெயர் சொல்லாமலே கதைக்க, 'பேர்ன்ஸ் வில்கோர்' அமைப்பின் சிறுவர் தொலைபேசி உண்டு: 116 111.

மாணவச் செல்வங்களுக்கு

கேலிக்கு ஆளாகுபவர்கள் மட்டுமல்ல, கேலி செய்பவர்களும் நம்மிடையே உண்டு. புதிதாக வந்து டெனிஷ் தடுமாறும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவர், தம் பெற்றோரும் ஒருநாள் அப்படித் தடுமாறியவர்களே என்பதை நினைக்கவேண்டும். ஒருவன் தனியே இருந்து சாப்பிட்டால் பக்கத்திற் போய் இருங்கள். அதற்குத் துணிச்சல் வேண்டும், அதுவும் அவையஞ்சாமையே.

வீட்டிற் கலந்து பேச

அ. இந்த வாரம் வகுப்பில் எத்தனை தடவை கையுயர்த்தினாய்?
ஆ. இடைவேளையில் யார் தனியே இருந்தார்?
இ. (பெற்றோருக்கு) பிள்ளை ஒரு துன்பத்தைச் சொன்னபோது நான் கேட்டேனா, ஏசினேனா?

மூன்றாவது கேள்விக்குப் பெற்றோர் உண்மையாகப் பதில் சொன்னால், முதல் இரண்டுக்கும் பிள்ளைகள் தாமாகவே பதில் சொல்வார்கள்.