ஓய்வு பெற்ற இரயில் பெட்டிக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

எட்டாம் வகுப்பில் மறுபயன்பாட்டைக் கணக்கோடு கற்பித்த அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் மறுபயன்பாடு பற்றிய கண்காட்சி நடத்தினோம். பிளாஸ்டிக் பாட்டிலில் பேனா தாங்கி, தேங்காய்ச் சிரட்டையில் பூந்தொட்டி, பழைய குறுந்தகடுகளில் தோரணம் என்று மேசைகள் நிறைந்தன. பரிசும் கொடுத்தோம். ஆண்டு முடிவில் வகுப்பறையைச் சுத்தம் செய்தபோது அவை அனைத்தும் குப்பைக் குழிக்குப் போயின. கொட்டச் சொன்னவன் நானே. கூடையைத் தூக்கிய மாணவன், "இதுக்குத்தானே சார் பிரைஸ் குடுத்தீங்க?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். மறுபயன்பாட்டை நான் ஒரு முழக்கமாகவே கற்பித்திருக்கிறேன். அந்தப் பொருள் யாருக்குத் தேவை, எத்தனை நாள் உழைக்கும், அதற்கு ஆகும் செலவு என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனவே இவ்வாண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்து அலங்கரிக்க முடியாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் பயணிகள் இரயில் பெட்டி. உத்திரமேரூருக்கு இரயில் பாதை கிடையாது. என் வகுப்பில் இரயிலில் ஏறாத குழந்தைகளே அதிகம். ஆர்வத்துக்குக் குறைவில்லை.

முன்னறிவு

சென்னை பெரம்பூரில் உள்ள இரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தில் உருவான அதன் பெட்டிகளில்தான் நாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயணித்தது. அந்த வடிவத்தின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் அங்கிருந்து வெளிவந்தது. இப்போது தயாராவது ஜெர்மானிய வடிவமான எல்.எச்.பி. பெட்டி, அதன் உடல் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. பழைய பெட்டிக்கு வகுக்கப்பட்ட ஆயுள் 25 ஆண்டு, புதியதற்கு 35 ஆண்டு. எனவே இனி வரும் ஆண்டுகளில் பழைய பெட்டிகள் வரிசையாக ஓய்வு பெறும். அவற்றை என்ன செய்வது? இதுவே வகுப்பின் முன் நான் வைத்த கேள்வி.

செயல்பாடு 1: மைதானத்தில் ஒரு பெட்டி

பழைய பெட்டியின் உடல் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர், அகலம் 3.25 மீட்டர். மாணவர்கள் அளவு நாடாவும் சுண்ணாம்புத் தூளும் கொண்டு அதை மைதானத்தில் வரைந்தார்கள். பக்கத்திலேயே எங்கள் வகுப்பறையையும் வரைந்தார்கள், அது 6.1 மீட்டர் பக்கமுள்ள சதுரம். பிறகு கணக்கிட்டார்கள்.

பெட்டி: பரப்பளவு சுமார் 69 ச.மீ., சுற்றளவு 49 மீ.
வகுப்பறை: பரப்பளவு சுமார் 37 ச.மீ., சுற்றளவு 24 மீ.

"ரெண்டு கிளாஸ் வைக்கலாம் சார்!" என்று உற்சாகமாகச் சொன்னார்கள். ஒரு முனையில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து, மறுமுனையில் ஒரு மாணவியை நிற்க வைத்தேன். 20 மீட்டர் தொலைவிலிருந்து அவளால் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை. குறுக்கே தடுப்பு வைத்து இரண்டு அறையாக்கலாம் என்றான் ஒருவன். பரப்பளவு மட்டும் போதாது, வடிவமும் முக்கியம் என்பதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

செயல்பாடு 2: நான்கு வழக்குகள்

நான்கு குழுக்களுக்கு நான்கு உண்மை நிகழ்வுகளை அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

1. மைசூரு அசோகபுரம் இரயில்வே பணிமனை 2020இல் இரண்டு பழைய பெட்டிகளை வகுப்பறைகளாக மாற்றியது.

2. கொரோனா காலத்தில் 5,231 பெட்டிகள் தனிமைப்படுத்தும் சிகிச்சைக் கூடங்களாக மாற்றப்பட்டன. ஒரு பெட்டிக்கு 16 நோயாளிகள். இவை ஓய்வு பெற்றவை அல்ல. பல பெட்டிகள் பின்னர் பயணிகள் சேவைக்கே திரும்பின.

3. பயணிகள் சேவையிலிருந்து விலக்கப்பட்ட பெட்டிகளில் இருக்கைகளை எடுத்து, சன்னல்களை அடைத்து, முனைகளில் கதவு வைத்து, கார் ஏற்றும் என்.எம்.ஜி. பெட்டிகளாக இரயில்வே மாற்றுகிறது. நம் மாவட்டத்து வாலாஜாபாத் நிலையத்திலிருந்து கார்கள் இத்தகைய பெட்டிகளில்தான் வெளிமாநிலங்களுக்குப் போகின்றன. ஒரு பெட்டியில் சுமார் 5 கார். ஒரு தொடரில் 25 பெட்டிகள்.

4. நியூயார்க் நகரம் 2001 முதல் 2,500க்கும் மேற்பட்ட சுரங்க இரயில் பெட்டிகளைச் சுத்தம் செய்து, மீன்கள் வாழும் செயற்கைப் பாறைத்திட்டாக அட்லாண்டிக் கடலில் இறக்கியது. பழைய எஃகுப் பெட்டிகள் நிலைத்தன. பின்னர் இறக்கிய துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் உருக்குலைந்தன.

எந்தக் குழு முதலில் பேசுவது என்பதை நம் ஊர் வழக்கப்படி முடிவு செய்தோம். கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், தகுதி உள்ளவர் பெயர் மட்டுமே குடத்தில் இடப்படும். அதுபோல, கணக்கை முடித்த குழுவின் பெயரை மட்டும் குடத்தில் இட்டு, ஆறாம் வகுப்புக் குழந்தை ஒருத்தியை எடுக்கச் சொன்னோம்.

குழுக்கள் கண்டவை

சிகிச்சைப் பெட்டிக் குழு 5,231 × 16 = 83,696 படுக்கைகள் என்று கணக்கிட்டது. அடுத்து, கோடையில் இரும்புக் கூரையின் கீழ் நோயாளி எப்படி இருப்பார் என்று கேட்டது. வெப்பம்தான் அங்கு உண்மையிலேயே பெரும் சிக்கலாக இருந்தது. வெப்பக் கடத்தல் பாடத்தை அங்கேயே இணைத்துக்கொண்டேன்.

கார் குழு 25 × 5 = 125 என்றது. ஒரு டிரெய்லர் லாரியில் 7 கார் என்று கொண்டால் 18 லாரிகள் சாலைக்கு வராது.

கடல் குழுவில் ஒருவன் நம் ஏரியிலும் ஒரு பெட்டியை இறக்கலாம் என்றான். "ஏரி கோடையில வத்திடுமே, அப்போ மீனு எங்க போவும்?" என்று இன்னொருத்தி மடக்கினாள்.

வகுப்பறைக் குழுவே அதிகம் தடுமாறியது. வெறும் பெட்டியின் எடையே 35 டன்னுக்கு மேல். மைசூரில் பணிமனை அருகிலேயே இருந்தது. தண்டவாளமே இல்லாத நம் ஊருக்குக் கிரேனும் பெரிய டிரெய்லரும் வைத்துக் கொண்டுவர வேண்டும். "நமக்கு வேணாம் சார், அந்தக் காசுல ரூமே கட்டிடலாம்" என்று குழுத் தலைவி முடித்தாள். ஆசைப்பட்ட ஒன்றைக் கணக்குப் பார்த்து வேண்டாம் என்று விட்ட அந்த நிமிடத்தை இந்தப் பாடத்தின் வெற்றியாகக் கருதுகிறேன்.

செயல்பாடு 3: ஐந்து கேள்விகள்

விவாதத்தின் முடிவில் மாணவர்களே தொகுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டியவை:

1. இது யாருக்குத் தேவை?
2. இந்தப் பொருளின் இயல்பு புது வேலைக்குப் பொருந்துமா?
3. மாற்றவும் கொண்டுசெல்லவும் என்ன செலவு?
4. எத்தனை ஆண்டு உழைக்கும்?
5. அதன் பிறகு எங்கே போகும்?

ஐந்தாம் கேள்விக்கு, உருக்கி மீண்டும் எஃகாக்குவதும் நல்ல விடையே என்று ஏற்றுக்கொண்டோம்.

மதிப்பீடு

இம்முறை பொருள் செய்து வரச் சொல்லவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஓராண்டுக்கு மேல் மறுபயன்பாட்டில் உள்ள ஒரு பொருளைக் கண்டு, ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதச் சொன்னேன். தார் டிரம்மில் கம்பு கொட்டி வைக்கும் ஆயாவைப் பற்றி ஒருத்தி எழுதினாள். தாரை எப்படிப் போக்கினார்கள் என்று வகுப்பே கேட்டது. மறுநாள் ஆயாவிடம் விசாரித்து வந்து, நெருப்பில் சுட்டு எடுத்ததைச் சொன்னாள். அது உணவுப் பொருளுக்கு ஏற்றதா என்று இரண்டாம் கேள்வியைத் திரும்பவும் எழுப்பினார்கள். டிரம் இப்போது மாட்டுத் தீவனத்துக்கு மாறியிருக்கிறது.

இப்பாடத்துக்கு இரண்டு பாடவேளையும் ஒரு மாலை மைதானமும் போதும். கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தலாம். தொடக்க வகுப்புகளில் முதல் செயல்பாட்டை மட்டும் காலடி அளவில் செய்யலாம். உங்கள் ஊரில் இரயில் பெட்டிக்குப் பதில் பழைய பேருந்தோ படகோ இருக்கலாம். பொருள் எதுவானாலும், பரிசு கொடுக்கும் முன் அந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுவிடுங்கள் ஆசிரிய நண்பர்களே. ஆண்டு முடிவில் கூடை தூக்கும் மாணவனுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

– பட்டதாரி ஆசிரியர், அரசுப் பள்ளி, உத்திரமேரூர் ஒன்றியம், காஞ்சிபுரம் மாவட்டம்