மாவு பாக்கெட் போடப் போகிறீர்களா? முதலில் மற்றவர் மாவை வாங்குங்கள்

1. இட்லி மாவு வியாபாரத்துக்கு கிரைண்டர் விலை விசாரிப்பது பிறகு இருக்கட்டும். உங்கள் பகுதிக் கடைகளில் கிடைக்கும் மாவு பாக்கெட்டுகளில் வகைக்கு ஒன்று காசு கொடுத்து வாங்குங்கள்.

2. பாக்கெட்டை வெட்டுமுன் படியுங்கள். நிகர எடை, எம்.ஆர்.பி., பேக் செய்த தேதி, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் சட்டப்படி அச்சிட்டாக வேண்டியவை. யாரையும் துப்பறிய வேண்டியதில்லை. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் 1-ல் தொடங்கினால் லைசென்ஸ் எடுத்தவர். 2-ல் தொடங்கினால் சிறு அளவில் பதிவு செய்து நடத்துபவர். எடையைப் பார்க்காமல் விலையை ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

3. ஒவ்வொரு மாவிலும் வாங்கிய அன்றும் மூன்றாம் நாளும் இட்லி ஊற்றுங்கள். கிலோவுக்கு எத்தனை இட்லி, எப்போது புளிக்கிறது, தோசை முறுகலாக வருகிறதா என்று எழுதி வையுங்கள். அடுத்தவர் பக்குவத்தை அப்படியே காப்பியடிக்க அல்ல, எங்கே குறை என்று தெரிந்துகொள்ளத்தான்.

4. இந்தத் தொழிலில் கையைக் கடிப்பது ரிட்டர்ன். விற்காமல் புளித்த பாக்கெட்டைப் பல இடங்களில் மாவு போட்டவரே திருப்பி எடுக்க வேண்டும். கடை மூடும் நேரத்தில் போய் ஃபிரிட்ஜில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். ஞாயிறு காலை நிலவரம் வேறு, செவ்வாய் இரவு நிலவரம் வேறு. கடைக்காரரிடம் ஒளிக்காதீர்கள். “அண்ணாச்சி, நானும் மாவு போடலாம்னு இருக்கேன். எவ்வளவு கமிஷன் கொடுத்தா உங்களுக்குக் கட்டுப்படியாகும்?” என்று உங்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். இன்னார் என்ன ரேட் தருகிறார் என்று துருவினால், நாளைக்கு உங்கள் ரேட்டும் அதே வாயால் வெளியே போகும்.

5. ஏற்கெனவே மாவு போடுபவருக்குக் கல்யாண ஆர்டர் தருவதுபோல் போன் செய்து மொத்த விலை கேட்காதீர்கள். பாவம், அவர் நம்பி அரிசியை ஊறப்போட்டுவிடுவார். அவரிடம் வேலை பார்த்தவரைச் சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்பதுதான் தப்பு.

6. பெயர் வைக்குமுன் மத்திய அரசின் டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடுங்கள். மாவு வகைகள் 30-ஆம் பிரிவில் வரும். பெயர் கிடைத்தாலும், பக்கத்துக் கடை கவரின் நிறத்தையும் எழுத்தையும் ஒட்டி அச்சடிக்க வேண்டாம்.

7. “எல்லோரும் சேர்ந்து ஒரே விலை வைப்போம்” என்று யாராவது அழைத்தால் நழுவிவிடுங்கள். போட்டிச் சட்டம் 2002 அதைத் தடுக்கிறது.

8. உங்கள் ஊர்க்காரர் வாயைத் திறக்க மாட்டார், நியாயம்தான். நீங்கள் மதுரை என்றால் திருச்சியில் மாவு போடுபவரிடம் போய் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கு நீங்கள் போட்டியில்லை. கரண்ட் பில் முதல் ரிட்டர்ன் வரை மனம்விட்டுப் பேசுவார். அரைக்கிற நேரத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள்.